ரத்ததான முகாம்: ஆள் திரட்டுவதும் ‘இன்று வேண்டாம்’ என்று சொல்வதும்

முகாம் நடத்துபவர்கள் பெரும்பாலும் ஒரே கணக்கைத்தான் கேட்கிறார்கள்: எத்தனை யூனிட்? ரத்த மையத்தில் இருப்பவர்கள் பார்க்கும் கணக்கு வேறு. எடுத்ததில் எத்தனை யூனிட் காலாவதியாகாமல் நோயாளிக்குப் போய்ச் சேர்ந்தது? கொடுத்தவர்களில் எத்தனை பேர் நான்கு மாதம் கழித்துத் திரும்ப வந்தார்கள்? திருப்பி அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் கோபித்துக்கொண்டு போனார்கள்? கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர், இளைஞர் மன்றம், தொழிற்சாலை நலப்பிரிவு என முகாமுக்குப் பொறுப்பேற்பவர்கள் இந்த இரண்டாவது கணக்கைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இங்கே சொல்லும் விதிகள் இந்தியாவுக்கானவை. தேசிய ரத்தப் பரிமாற்றக் குழுமம் 2017இல் வெளியிட்ட கொடையாளர் தேர்வு வழிகாட்டுதலும், மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் விதிகளில் 2020 மார்ச்சில் வந்த திருத்தமும் இவற்றின் அடிப்படை. ‘ரத்த வங்கி’ என்ற பெயர் ‘ரத்த மையம்’ என்று மாறியதும் அந்தத் திருத்தத்தில்தான். ஆனாலும் ஊர் வழக்கில் இன்னும் வங்கிதான். இலங்கையில் விதிகள் தனி. அங்கே இரண்டு கொடைகளுக்கு நடுவே நான்கு மாதம் இடைவெளி வேண்டும்.

தேதியை நீங்களாக முடிவு செய்யாதீர்கள்

முதல் தொலைபேசி அழைப்பு ரத்த மையத்துக்குப் போகட்டும். மன்றமோ கல்லூரியோ இடம் தரலாம், ஆள் தரலாம்; ரத்தம் எடுப்பது உரிமம் பெற்ற மையம் மட்டுமே.

சிவப்பணு, சாதாரணப் பையில் (சிபிடிஏ என்ற உறைதடுப்புக் கரைசல் உள்ளது) 2 முதல் 6 டிகிரியில் 35 நாள் இருக்கும். கூடுதல் ஊட்டக் கரைசல் சேர்த்தால் 42 நாள். பிளேட்லெட்டுக்கு 5 நாள்தான், அதுவும் 22 டிகிரி அளவில் ஆட்டிக்கொண்டே வைத்திருக்க வேண்டும். பிளாஸ்மா மட்டும் மைனஸ் 30 டிகிரியில் ஓராண்டு தாங்கும். ஆகவே தலைவர் பிறந்தநாள், நடிகர் பிறந்தநாள், ஜூன் 14 (உலக ரத்தக் கொடையாளர் நாள்), அக்டோபர் 1 (தேசியத் தன்னார்வ ரத்ததான நாள்) என்று ஒரே நாளில் ஊரெங்கும் குவியும் ரத்தத்துக்கு ஒரு பக்கக் கேடு உண்டு: அத்தனையும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் காலாவதியாகும். அந்த நாளில் கொடுத்த அத்தனை பேரும் அடுத்த மூன்று, நான்கு மாதத்துக்குக் கொடுக்கவும் முடியாது. பிறந்தநாள் முகாமே கூடாது என்று சொல்ல வரவில்லை. நூறு பேர் இருந்தால் நாற்பது பேரை அன்றைக்கு அழைத்துவிட்டு, மீதிப் பேரை இரண்டு தவணையாகப் பிரித்து மையத்துக்கே அனுப்பினால் அதே ஆட்கள் பல மடங்கு பயன்படுவார்கள். மேடைப் படத்தில் கூட்டம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

கல்லூரிகள் தேர்விலும் விடுமுறையிலும் இருக்கும் ஏப்ரல் முதல் ஜூன் வரை கையிருப்பு வற்றும். வடகிழக்குப் பருவமழையோடு டெங்கு ஏறும்போது பிளேட்லெட் தேவை கூடும். உங்களால் தேதியை நகர்த்த முடியுமானால் இந்த மாதங்களுக்கு நகர்த்துங்கள். முகாம் இடம் மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் சொல்லிவிடுங்கள். எடுத்த ரத்தம் 6 முதல் 8 மணி நேரத்துக்குள் மையத்துக்குப் போய்ச் சுழற்றப்பட்டால்தான் பிளேட்லெட் பிரிக்க முடியும். பேச்சாளர்கள் வரும்வரை வண்டியைக் காத்திருக்க வைத்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.

எத்தனை பேரை அழைப்பது

விதியில் ஓர் அளவு இருக்கிறது: 3 மணி நேரத்தில் 50–70 யூனிட், அல்லது 5 மணி நேரத்தில் 100–120 யூனிட் எடுக்கும் முகாமுக்கு 6–8 படுக்கை, ஒரு மருத்துவர், இரண்டு செவிலியர், மூன்று தொழில்நுட்பர், இரண்டு சமூகப் பணியாளர், இரண்டு உதவியாளர். கணக்கும் ஒத்துவருகிறது. ஊசி போட்டு பை நிரம்ப 5–10 நிமிடம். படுக்க, எழ, துடைக்க எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 20 நிமிடம். மூன்று மணி நேரத்தில் ஒரு படுக்கைக்கு 9 பேர், ஏழு படுக்கைக்கு 63 பேர்.

இதைத் தாண்டி 300 பேரை ஒரே காலையில் வரவழைத்தால் முதலில் அடிபடுவது கேள்வி கேட்கும் நேரம்தான். வரிசை நீள நீள மருத்துவர் முன்னால் ஒருவர் உட்காரும் நேரம் அரை நிமிடமாகச் சுருங்கும். ஆபத்தான யூனிட் அங்கேதான் நுழைகிறது. அரை மணிக்கு இத்தனை பேர் என்று நேரம் குறித்துக் கொடுத்து அழையுங்கள்.

யாரை, எப்படி அழைப்பது

சுவரொட்டி ஆளைக் கொண்டுவராது. தெரிந்தவர் நேரில் கேட்டால் வருவார்கள். கொடுக்காதவர்களிடம் காரணம் கேட்டால் ‘என்னை யாரும் கேட்கவில்லையே’ என்பார்கள். வகுப்புக்கு ஒருவர், பிரிவுக்கு ஒருவர் என்று ஏற்கெனவே ரத்தம் கொடுத்த ஆளைப் பொறுப்பில் வையுங்கள். ‘வலிக்குமா?’ என்ற கேள்விக்கு அவர் சொல்லும் பதில் துண்டறிக்கையைவிட எடுபடும்.

அழைக்கும் வரிசை முக்கியம். முன்பு கொடுத்து, இடைவெளி முடிந்தவர்கள் முதலில். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள். மாதவிடாயில் இரும்புச்சத்து ஏற்கெனவே இழப்பாகிறது, அதனால்தான் அந்தக் கூடுதல் 30 நாள். அடுத்து, ஓரிரு முறை கொடுத்துவிட்டு நின்றுபோனவர்கள். புதியவர்கள் கடைசி. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பழைய கொடையாளர் பலமுறை சோதிக்கப்பட்டவர், மயங்கி விழும் வாய்ப்பும் குறைவு; அவரை வரவழைக்க ஒரு குறுஞ்செய்தி போதும். புதியவர் இல்லாமல் நாளைக்குப் பழையவர் கிடையாது என்பதும் சரிதான். அதனால் மூன்றில் ஒரு பங்கு புதியவர் என்பது நல்ல கலவை.

ஓ நெகட்டிவ் போன்ற அரிய வகைக்காரர்களை முகாமுக்கு இழுக்காதீர்கள். பெயரை மையத்தின் பட்டியலில் சேர்த்துவிட்டு, தேவை வரும்போது அழைக்கச் சொல்லுங்கள். ‘பம்பாய்’ வகை இன்னும் அரிது. 1952இல் மும்பையில் மருத்துவர் பெண்டே குழுவினர் கண்டறிந்த இந்த வகை, மேலோட்டமான சோதனையில் ஓ என்றே காட்டும். ஆனால் இவர்களுக்கு ஓ ரத்தம்கூடச் சேராது, பம்பாய் வகை மட்டுமே ஏற்றலாம். அப்படி ஒருவர் கிடைத்தால் அவருடைய சகோதர சகோதரிகளையும் சோதிக்கச் சொல்வது வழக்கம்.

வாட்ஸ்அப் வேண்டுகோள்களில் நாள், மருத்துவமனை, எத்தனை யூனிட், எதுவரை தேவை என்ற நான்கும் இருக்கட்டும். நாள் இல்லாத செய்தி ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். தேவை முடிந்ததும் ‘முடிந்தது’ என்று அதே குழுக்களில் போடுங்கள்.

பணம், பரிசு, வருகைப் பதிவு

1996 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து, 1998 ஜனவரி 1 முதல் இந்தியாவில் ரத்தத்தை விற்பது தடைசெய்யப்பட்டது. காசுக்குக் கொடுப்பவர் கேள்விக்கு உண்மை சொல்லமாட்டார். சொன்னால் காசு போய்விடுமே. இந்தத் தர்க்கம் பரிசுக்கும் பொருந்தும். சான்றிதழ், பேட்ஜ், பழச்சாறு, பிஸ்கட் வரை சரி. பரிசுக்கூப்பன், குலுக்கல் சீட்டு வேண்டாம்.

கல்லூரிகளில் நடக்கும் ஒரு தவறை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: ரத்தம் கொடுத்தவருக்கு மட்டும் ‘ஓ.டி.’ (‘ஆன் டியூட்டி’, வகுப்புக்கு வராமலே வருகைப் பதிவு) கொடுப்பது. இதனால் காய்ச்சலை மறைப்பவர் உண்டு, 43 கிலோவை 46 என்று எழுதுபவர் உண்டு. வருகைப் பதிவு கொடுப்பதானால், வந்து பதிவு செய்த எல்லோருக்கும் கொடுங்கள். எடுக்காமல் திருப்பி அனுப்பப்பட்டவரும் வந்தவர்தான்.

நோயாளிக்கு ஏற்றும் ரத்தத்துக்கு ஈடாக உறவினர் ‘மாற்றுக் கொடை’ கொடுக்கும்போதும் இதே அழுத்தம் உண்டு. மைத்துனரும் மாமாவும் பார்த்துக்கொண்டிருக்கும்போது ‘எனக்குப் போன வருஷம் மஞ்சள் காமாலை வந்தது’ என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? அதனால்தான் தன்னார்வக் கொடையைப் பாதுகாப்பானது என்கிறோம்.

முந்தின நாள் அனுப்ப வேண்டிய செய்தி

யார் வரவேண்டாம் என்பதை முந்தின நாளே சொல்லிவிட்டால் ஏமாற்றமும் வரிசையும் பாதியாகும். செய்தி இப்படி இருக்கலாம்:

‘நாளை வருமுன்: இரவு நன்றாகத் தூங்குங்கள். காலையில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். விரதம் என்றால் வேறு நாள் கொடுக்கலாம். வரும் முன் இரண்டு டம்ளர் தண்ணீர். மது அருந்தியிருந்தால் வேண்டாம். 45 கிலோவுக்குக் குறைவு, சளி காய்ச்சல், ஆன்டிபயாட்டிக் எடுத்து இரண்டு வாரம் ஆகவில்லை, பல் பிடுங்கி ஆறு மாதம் ஆகவில்லை, பச்சை குத்தி ஓராண்டு ஆகவில்லை என்றால் இந்த முறை வேண்டாம். தேதியைக் கேட்டு அடுத்த முறை வாருங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டை எடுத்து வாருங்கள்.’

இடம்

மாடியில் வைக்காதீர்கள். மயங்கியவரைப் படியில் இறக்குவது பெரும் பாடு. காற்றோட்டம், மின்விசிறி, கழிப்பறை, தடையில்லா மின்சாரம், கை கழுவ இடம் வேண்டும். பதிவு, கேள்வி, பரிசோதனை, படுக்கை, சிற்றுண்டி என்று ஒருவழிப் பாதையாக அமைத்து, நுழைவையும் வெளியேறும் வழியையும் பிரியுங்கள். கேள்வி கேட்கும் மேசைக்கு மட்டும் திரை கட்டாயம். குரல் அடுத்த மேசைக்குக் கேட்கக் கூடாது. பல முகாம்களில் பேனருக்குச் செலவு செய்கிறார்கள், இந்த ஒரு திரைக்குச் செய்வதில்லை.

கேள்விகள்: தேர்வின் இதயம் இங்கேதான்

எடுத்த ரத்தத்தை எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, பால்வினை நோயான சிபிலிஸ், மலேரியா என்ற ஐந்துக்கும் சோதிப்பது கட்டாயம். ‘அதான் எல்லாம் டெஸ்ட் பண்றாங்களே, எதுக்கு இத்தனை கேள்வி?’ என்று வரிசையில் ஒருவராவது கேட்பார். தொற்றிய உடனே எந்தச் சோதனையும் காட்டாது. சில நாள் முதல் பல வாரம் வரை இருட்டு இடைவெளி ஒன்று உண்டு. நேட் என்ற மரபணுச் சோதனை அதைச் சுருக்கும், ஒழிக்காது. எல்லா மையங்களிலும் அது கிடையாது. அந்த இடைவெளியை அடைப்பது கொடையாளரின் வாய்மொழி மட்டுமே.

படிவம் தமிழில் இருக்கட்டும். அதைக் கொடுத்து ‘எல்லாத்துக்கும் இல்லைன்னு டிக் பண்ணிக் குடுங்க’ என்று சொல்லும் தன்னார்வலரை உடனே வேறு வேலைக்கு மாற்றுங்கள். கேட்கும் விதத்திலும் வித்தியாசம் உண்டு. ‘ஏதாவது நோய் இருக்கா?’ என்றால் ‘இல்லை’ என்றுதான் வரும். ‘கடைசியா எப்போ டாக்டர்கிட்ட போனீங்க? எதுக்கு?’ என்றால் உண்மை வரும். நண்பரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கேட்காதீர்கள். கொடுத்த பிறகும் ‘என் ரத்தத்தை வேறு யாருக்கும் ஏற்ற வேண்டாம்’ என்று ரகசியமாகச் சொல்ல ஒரு வழி இருக்க வேண்டும், ஒரு சீட்டோ ஓர் எண்ணோ. நண்பர்கள் முன் மறுக்க முடியாதவருக்கு அது தப்பிக்கும் கதவு.

எச்ஐவி, ஹெபடைடிஸ் ஆபத்து மிகுந்தவர்கள் என்று விதி சொல்லும் பிரிவில் பல இணையர் உள்ளவர்கள், ஊசி வழிப் போதை எடுப்பவர்கள் ஆகியோருடன் திருநர்கள், ஆணோடு உறவுள்ள ஆண்கள், பெண் பாலியல் தொழிலாளர்கள் என்று பிரிவுகளையே குறித்து விலக்கியிருக்கிறார்கள். இதை எதிர்த்து 2021இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. பிரிட்டன் அடையாளத்தை விட்டுவிட்டு நடத்தையைக் கேட்கும் முறைக்கு 2021இல் மாறியது. எங்கள் பார்வையில் நடத்தையைக் கேட்பதுதான் கூர்மையான சல்லடை. ஆனால் முகாம் மேசையில் இருப்பவர் நடப்பு விதியைத்தான் பின்பற்ற முடியும். மரியாதையாகச் சொல்வது மட்டும் அவர் கையில் இருக்கிறது.

உடல் பரிசோதனை

வயது 18 முதல் 65. முதன்முறை கொடுப்பவர் 60ஐத் தாண்டியிருக்கக் கூடாது. எடை 45 கிலோ இருந்தால் 350 மி.லி., 55க்கு மேல் இருந்தால் 450 மி.லி. ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 8 மி.லி. அளவுக்கு மேல் போகாமல் இருப்பதே நோக்கம். ‘சின்ன ஆள், பாதிப் பை எடுத்துக்குங்க’ என்பது நடக்காது. பையில் ஏற்கெனவே ஊற்றியிருக்கும் உறைதடுப்பு மருந்து 350 மி.லி.க்கு 49, 450க்கு 63 மி.லி. என்று அளந்தது. ரத்தம் குறைந்தால் விகிதம் கெட்டு யூனிட் வீணாகும். எடைக் கருவியை ஜமுக்காளத்தின் மேல் வைக்காதீர்கள், எடை தப்பாகக் காட்டும்.

ரத்த அழுத்தம் மேலே 100–140, கீழே 60–90. மாத்திரை சாப்பிட்டுக் கட்டுக்குள் இருந்தாலும் ஏற்கலாம், 28 நாளாக மருந்தோ அளவோ மாறாமல் இருந்தால். நாடித்துடிப்பு 60–100, சீராக. மாடியேறி ஓடிவந்தவரை பத்து நிமிடம் உட்கார வைத்துவிட்டுப் பாருங்கள்; முதல் அளவை வைத்துத் திருப்பி அனுப்புவது நல்ல கொடையாளரை இழக்கும் வழி.

ஹீமோகுளோபின் 12.5 கிராம், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. பெண்கள் அதிகம் திருப்பி அனுப்பப்படுவது இந்த இடத்தில்தான். சிறிய முகாமில் இன்னும் காப்பர் சல்ஃபேட் முறை உண்டு: 1.053 அடர்த்தி உள்ள கரைசலில் ஒரு துளி ரத்தம் விட்டால் 15 விநாடிக்குள் மூழ்க வேண்டும். 30 மி.லி. கரைசலை 25 துளிக்குப் பிறகு மாற்ற வேண்டும். விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு குறைவாகக் காட்டும். ஸ்பிரிட் காயும் முன் குத்தினாலும் அப்படித்தான். குவெட் (ரத்தத்தை உறிஞ்சி அளவுக் கருவியில் வைக்கும் சிறு தகடு) முறையில் காற்றுக் குமிழி நுழைந்தால் அளவு தப்பும். முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவதை எடுங்கள். முழங்கை மடிப்பில் புண்ணோ, ஊசித் தழும்புகளோ உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

எத்தனை நாள் தள்ளிவைப்பது

ரத்த மைய ஊழியர்கள் ‘டெஃபர்’ என்பார்கள். தற்காலிகமும் உண்டு, நிரந்தரமும் உண்டு. அடிக்கடி வரும் நிலைமைகள்:

வயிற்றுப்போக்குக்கு 2 வாரம். ஆன்டிபயாட்டிக் மாத்திரை முடிந்து 14 நாள். அங்கே தடை மாத்திரையால் அல்ல, அது எதற்காக எடுக்கப்பட்டதோ அந்தத் தொற்றால். மலேரியா குணமாகி 3 மாதம், டெங்கு, சிக்குன்குனியா 6 மாதம், டைஃபாய்டு 12 மாதம், காசநோய் குணமானது உறுதியாகி 2 ஆண்டு. பல் பிடுங்கியவர், சிறு அறுவை செய்தவர் 6 மாதம். பெரிய அறுவை, ரத்தம் ஏற்றிக்கொண்டது, பச்சை குத்தியது, காது மூக்குக் குத்தியது எல்லாம் 12 மாதம். நாய் கடித்து வெறிநாய்த் தடுப்பூசி போட்டவர் ஓராண்டு. சாதாரண செயலற்ற தடுப்பூசிக்கு 14 நாள், உயிருள்ள தடுப்பூசிக்கு 28 நாள்.

பெண்களுக்கு மாதவிடாய் நாள்களில் வேண்டாம். பிரசவத்துக்குப் பின் 12 மாதம், கருச்சிதைவுக்குப் பின் 6 மாதம், தாய்ப்பால் கொடுக்கும் காலம் முழுதும் வேண்டாம்.

மாத்திரைகளில் பலரும் சொல்ல மறப்பது முகப்பரு மருந்து. ஐசோட்ரெட்டினாய்ன் எடுத்தவர் கடைசி மாத்திரைக்குப் பின் ஒரு மாதம் பொறுக்க வேண்டும். அந்த ரத்தம் கர்ப்பிணிக்கு ஏறினால் கருவைப் பாதிக்கும். முடி கொட்டுவதற்கான ஃபினாஸ்டரைடுக்கும் ஒரு மாதம். டியூட்டாஸ்டரைடு என்றால் 6 மாதம். ஆஸ்பிரின் எடுத்து 3 நாள் ஆகாதவர் ரத்தம் கொடுக்கலாம், அதிலிருந்து பிளேட்லெட் மட்டும் பிரிக்கக் கூடாது. பையில் குறிக்க வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரை மட்டும் எடுத்து, 4 வாரமாக அது மாறாமல் இருந்தால் ஏற்கலாம். இன்சுலின் என்றால் நிரந்தர விலக்கு. ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி, சிபிலிஸ், வலிப்பு, புற்றுநோய், இதய அறுவை ஆகியவையும் அப்படியே. பிறந்தபோது வந்த மஞ்சள் காமாலையோ, பித்தப்பைக் கல்லால் வந்ததோ தடை அல்ல. கேட்டுப் பிரித்தறிய வேண்டும்.

பேருந்து, லாரி ஓட்டுநர்கள் அடுத்த பணிக்கு 24 மணி நேரம் இருக்கும்போதுதான் கொடுக்கலாம். இரவுப் பணி முடித்துத் தூங்காமல் வந்தவரும் வேண்டாம். ஆலை முகாம்களில் காலை ஆறு மணி ஷிப்ட் முடிந்து நேராக வருபவர்களை இங்கே கவனியுங்கள்.

திருப்பி அனுப்பும்போது

‘உங்களுக்கு ரத்தம் கம்மி, போங்க’ என்ற ஒரு வாக்கியம் போதும், ஒருவர் வாழ்நாள் முழுதும் திரும்ப வராமல் இருக்க. ஒரு பெண்ணுக்கு 12.1 இருந்தால் அது நோய் என்று பொருளல்ல, 12.5 என்பது கொடுப்பதற்கான கோடு. அதைச் சொல்லி, ஒரு சீட்டில் காரணமும் ‘இந்தத் தேதிக்குப் பின் வரலாம்’ என்பதும் எழுதிக் கொடுங்கள். மிகக் குறைவாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். பழச்சாறு அவருக்கும் உண்டு. நிரந்தர விலக்கு என்றால் தனியாக அழைத்துச் சொல்லுங்கள். விருப்பம் இருந்தால் அவரையே ஆள் திரட்டும் பணியில் சேருங்கள். நல்ல ஒருங்கிணைப்பாளர்கள் பலர் இப்படி வந்தவர்கள்தான்.

படுக்கையில்

மயக்கம்தான் அதிகம் வரும் சிக்கல்: இளைஞர், எடை குறைந்தவர், முதல்முறைக்காரர், பயந்தவர். வருவதற்குச் சற்று முன் அரை லிட்டர் தண்ணீர், படுத்திருக்கும்போது கால், தொடைத் தசைகளை இறுக்கி விடுவது, இரண்டும் நன்றாக உதவும். முகம் வெளுத்து, வியர்த்து, கொட்டாவி வந்தால் ஊசியை எடுத்துவிட்டுக் காலை உயர்த்துங்கள். ஒருவர் விழுந்தால் அடுத்தடுத்த படுக்கையிலும் தொடரும், அதனால் திரை போட்டு மறையுங்கள். பை நிரம்ப 12–15 நிமிடத்தைத் தாண்டினால் அதில் பிளேட்லெட் பிரிக்க முடியாது. ரத்தக் குழாய் சரியாகக் கிடைக்கவில்லை என்றால் தோண்டாதீர்கள், ரத்தக்கட்டு வரும்.

எடுத்த பின் 15 நிமிடம் உட்கார வைத்து, கண் பார்வையில் சிற்றுண்டி கொடுங்கள். பலர் மயங்குவது படுக்கையில் அல்ல, எழுந்து செல்பி எடுக்கப் போகும்போது. நாலு மணி நேரம் கூடுதலாகத் தண்ணீர், ஒரு மணி நேரம் புகை வேண்டாம், அன்று முழுதும் அந்தக் கையால் கனம் தூக்க வேண்டாம், வண்டியை நின்று நிதானித்து எடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். நீர்ப் பகுதி ஓரிரு நாளில் ஈடாகும், 450 மி.லி.யோடு போகும் 200 மில்லிகிராமுக்கு மேற்பட்ட இரும்பு ஈடாக மாதங்கள் ஆகும். முருங்கைக்கீரை, பயறு, ஈரல் பற்றி ஒரு வரி சொல்லலாம்.

முகாம் முடிந்த மறுநாள்

சோதனையில் ஏதேனும் தெரிந்தால் மையம் கொடையாளரை நேரடியாக, ரகசியமாக அழைக்கும்; எச்ஐவி என்றால் அரசு நம்பிக்கை மையத்துக்கு ஆலோசனைக்கு அனுப்பும். முகாம் அமைப்பாளருக்கு அந்தப் பெயர் தெரியவே கூடாது. கேட்காதீர்கள், யார் கேட்டாலும் சொல்ல எதுவும் இல்லாதபடி இருங்கள்.

உங்கள் கையில் மூன்று பட்டியல் இருக்க வேண்டும்: கொடுத்தவர், தள்ளிவைக்கப்பட்டவர் (காரணம் வேண்டாம், மீண்டும் வரக்கூடிய தேதி மட்டும்), வருவதாகச் சொல்லி வராதவர். கொடுத்தவர்களுக்கு இரண்டு நாளில் நன்றிச் செய்தியோடு ‘கை வலி இருக்கா?’ என்று ஒரு கேள்வி. தள்ளிவைக்கப்பட்டவரை அவரவர் தேதியன்று அழையுங்கள். ஆண்களுக்கு 90ஆம் நாள் கழித்து, பெண்களுக்கு 120ஆம் நாள் கழித்து நினைவூட்டல். அன்றைக்கு முகாம் இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. மையம் எங்கே, எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று மட்டும் அனுப்பினால் போதும். மையங்களின் முகவரியும் கையிருப்பும் மத்திய அரசின் இ-ரக்த்கோஷ் தளத்தில் பார்க்கலாம். ஆனால் அங்கே காட்டும் எண்ணிக்கை நொடிக்கு நொடி மாறுவதல்ல, ஆகவே கிளம்பும் முன் ஒரு போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.